நூறு ரூபாய்ச் செம்புக்கு அறுபது காசு

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2021 ஜனவரியில் ஆப்பிரிக்காவில் ஒரு சுரங்க நிறுவனம் விலைபேசப்பட்டது. விலை ஒரு டாலர். பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஒப்பந்தத்திலேயே ஒரு டாலர் என்றுதான் இருந்தது. அன்றைய கணக்கில் நம்ம ஊரில் ஐந்தாறு டீ குடிக்கிற காசு.

நாடு சாம்பியா. சுரங்க நிறுவனத்தின் பெயர் மொபானி. விற்றது சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட க்ளென்கோர். வாங்கியது சாம்பியா அரசின் சுரங்க முதலீட்டு நிறுவனம். ஒரு டாலருக்கு ஒரு செம்புச் சுரங்கம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்த ஒரு டாலரோடு கூடவே 150 கோடி டாலர் கடனும் வந்தது. அந்தக் கடன் யாருக்குக் கொடுக்க வேண்டியது? விற்ற க்ளென்கோருக்கே. கடன் அடையும்வரை அந்தச் சுரங்கத்தின் செம்பை வாங்கிக்கொள்ளும் உரிமை யாருக்கு? அதுவும் க்ளென்கோருக்கே.

இதைப் படித்தபோது எனக்குப் பண்ணையார் வீட்டுக் கணக்கு நோட்டுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். கல்யாணத்துக்கோ, சாவுக்கோ வாங்கிய கடனுக்கு நோட்டில் கைநாட்டு வைத்துவிட்டு வாழ்நாள் முழுக்க உழைப்பார்கள். உழைத்தது இவர்கள். எழுதியது கணக்குப்பிள்ளை. கடைசியில் பார்த்தால் கடன் முன்பைவிடக் கூடியிருக்கும். எப்படிக் கூடியது என்று கேட்க, எழுத்து தெரிந்திருக்க வேண்டும். அந்த எழுத்தைத்தான் தலைமுறை தலைமுறையாக மறுத்திருந்தார்களே.

ஒரு நாட்டையே கைநாட்டு வைக்க வைத்த கதை இது. ஆப்பிரிக்கா ஏழைக் கண்டம், அங்கே ஒன்றும் கிடையாது, பட்டினி, சண்டை என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சாம்பியாவிடம் செம்பு இருக்கிறது, கோபால்ட் இருக்கிறது, மரகதக்கல் இருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் போனிலும், மின்சார வண்டியிலும், தலைக்கு மேலே ஓடுகிற மின்விசிறியிலும் செம்பு இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் 2022-ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி வறுமையில் இருப்போர் 60 விழுக்காடு. கிராமங்களில் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 79 விழுக்காடு. ஐந்தில் நான்கு பேர்.

இவ்வளவு இருந்தும் ஏன் இவ்வளவு இல்லாமை?

முதலில் கொஞ்சம் வரலாறு. அன்று அந்த நாட்டுக்கு வடக்கு ரொடீசியா என்று பெயர். சிசில் ரோட்ஸ் என்பவரின் பெயரால் வந்த பெயர். அவருடைய பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கா கம்பெனிதான் 1924 வரை அந்த நாட்டை ஆண்டது. ஒரு கம்பெனி நாட்டை ஆள்வது நமக்கும் தெரிந்த கதைதான். ஆட்சி பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போன பிறகும் நிலத்துக்கு அடியிலுள்ள கனிமத்தின் உரிமையைக் கம்பெனி விடவில்லை. எந்தச் சுரங்கம் தோண்டினாலும் அதற்கு ராயல்டி போய்க்கொண்டே இருந்தது. 1964 அக்டோபர் 24 அன்று நாடு விடுதலை பெறப்போகிற கடைசி நேரத்தில்தான் அதைக் கைவிட்டது. அதற்கும் 40 லட்சம் பவுண்டு இழப்பீடு. அதில் பாதியைப் பிறக்கப்போகும் சாம்பியாவே கொடுத்தது. தன் மண்ணுக்கு அடியில் இருந்ததை ஒரு நாடு காசு கொடுத்து வாங்கியது.

அந்தக் காலத்தில் யார் வரி கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கர்கள்மீது குடிசை வரி போட்டார்கள். பணமாகக் கட்ட வேண்டும். தானியமாகக் கட்ட முடியாது. விவசாயம் பார்த்துக்கொண்டு தன் ஊரில் இருக்கும் மனிதனுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஏதாவது சுரங்கத்துக்குக் கூலியாகப் போனால்தான் வரும். அரசுக்கு வருமானம் தேடித்தந்த அதே வரி, சுரங்கத்துக்கு ஆளும் பிடித்துக்கொடுத்தது.

1935 மே மாதம் சுரங்க நகரங்களில் ஆப்பிரிக்கர்கள் கட்ட வேண்டிய தலைவரியைத் திடீரென்று உயர்த்தினார்கள். முஃபுலிராவில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது ன்கானாவுக்கும் லுவான்ஷியாவுக்கும் பரவியது. லுவான்ஷியாவில் போலீஸ் சுட்டது. ஆறு பேர் செத்தார்கள். 1940-ல் மறுபடி வேலைநிறுத்தம், மறுபடி துப்பாக்கிச்சூடு. இந்தமுறை 17 பேர். திறமையான வேலை எல்லாம் வெள்ளையருக்கு, அடியில் இறங்கிப் பாறை உடைப்பது கருப்பருக்கு என்று நிறத்தை வைத்துப் பிரித்திருந்தார்கள். யார் எந்த வேலை செய்யலாம் என்பதைப் பிறப்பை வைத்து முடிவுசெய்யும் ஏற்பாடு என்னவென்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழையிடம் வரி வாங்க அரசுக்குத் துப்பாக்கி இருந்தது, ஆள் இருந்தது, கணக்கு இருந்தது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

விடுதலைக்குப் பிறகு கென்னத் கவுண்டா ஆட்சிக்கு வந்தார். அப்போது நாட்டில் பட்டதாரிகள் சுமார் நூறு பேர்தான். 1969-ல் சுரங்கங்களில் 51 விழுக்காட்டை அரசு எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார். செம்புப் பணத்தில் பள்ளிகள், மருத்துவமனைகள், ஒரு பல்கலைக்கழகம் எல்லாம் வந்தன. 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம் டன் செம்பு எடுத்த நாடு அது.

பிறகு இரண்டு அடிகள். ஒன்று, எண்ணெய் விலை ஏறியது. இன்னொன்று, 1974-75-ல் செம்பு விலை சரிந்தது. ஒரே பயிரை நம்பிய விவசாயி மாதிரி ஒரே உலோகத்தை நம்பிய நாடு. விலை திரும்ப ஏறும் என்று நம்பிக் கடன் வாங்கினார்கள். ஏறவில்லை. அரசுச் சுரங்க நிர்வாகத்திலும் குறைகள் இருந்தன. புதிய முதலீடு போடவில்லை. 1990-களின் இறுதியில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் நட்டம் என்று பேசப்பட்டது. உற்பத்தி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அரசுடைமை எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சுரங்கம்தான் ஊருக்கு மருத்துவமனை நடத்தியது, பள்ளி நடத்தியது, கால்பந்துக் குழு நடத்தியது. லாபக் கணக்கில் அதெல்லாம் 'செலவு' என்ற பத்தியில்தான் வரும்.

கடன் கொடுத்த உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் சுரங்கங்களை விற்கச் சொன்னன. 1997 தொடங்கி 2000-க்குள் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டார்கள். கழுத்தில் கடன். உலகச் சந்தையில் செம்பு டன் சுமார் 1,800 டாலர். அவசரத்தில் விற்பவனுக்கு என்ன விலை கிடைக்கும்?

வாங்கியவர்களோடு அரசு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டது. 'வளர்ச்சி ஒப்பந்தம்' என்று பெயர். மக்களுக்குக் காட்டவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவை வெளியே கசிந்தபோதுதான் உள்ளே என்ன இருந்தது என்பது தெரிந்தது. நாட்டின் சட்டப்படி செம்புக்கு ராயல்டி 3 விழுக்காடு. ஒப்பந்தப்படி பெரிய சுரங்கங்களுக்கு 0.6 விழுக்காடு. அதாவது நூறு ரூபாய்ச் செம்பை மண்ணிலிருந்து எடுத்தால் மண்ணுக்குச் சொந்தக்காரருக்கு அறுபது காசு. அதோடு, இந்த வரி விகிதத்தை 15 முதல் 20 ஆண்டுகளுக்கு அரசு மாற்றக் கூடாது என்றும் எழுதியிருந்தது. நாளை வேறு கட்சியை மக்கள் தேர்ந்தெடுத்தாலும் மாற்றக் கூடாது.

செம்பு விலை என்ன ஆனது? 2006-ல் டன் 8,000 டாலரைத் தாண்டியது. நான்கு மடங்கு. அறுபது காசு மட்டும் அறுபது காசாகவே இருந்தது.

இதுவரை சொன்னது சட்டப்படி நடந்தது. ஒப்பந்தம் போட்டு, கையெழுத்துப் போட்டு நடந்தது. இனிமேல் சொல்லப்போவது, லாபத்தின்மீது கட்ட வேண்டிய வரி எப்படிக் காணாமல் போகிறது என்பது. இதைப் பெரிய பொருளாதாரச் சொற்களில் சொன்னால் தூக்கம் வரும். நம்ம ஊர்த் தென்னந்தோப்பை வைத்துச் சொல்கிறேன்.

ஊருக்குப் பொதுவாக ஒரு தோப்பு இருக்கிறது. ஒருவர் குத்தகைக்கு எடுக்கிறார். லாபத்தில் கால் பங்கு ஊருக்கு. வருடத்துக்கு ஒரு லட்சம் காய். சந்தை விலை காய் 20 ரூபாய். செலவு போக 15 லட்சம் லாபம் வர வேண்டும். ஊருக்கு 3 லட்சத்து 75 ஆயிரம் வர வேண்டும்.

குத்தகைக்காரர் என்ன செய்கிறார்? காயை வெளியே விற்காமல் பக்கத்து ஊரில் இருக்கும் தன் மைத்துனர் மண்டிக்கு 8 ரூபாய்க்கு விற்கிறார். மண்டி அதை 20 ரூபாய்க்கு விற்கிறது. நம்ம ஊர் நோட்டில் வரவு 8 லட்சம். கூலி, உரம் எல்லாம் 5 லட்சம். மிச்சம் 3 லட்சம். அதோடு நிற்கவில்லை. தோப்புக்கு முதல் போட மனைவியிடம் கடன் வாங்கியதாக எழுதுகிறார். அதற்கு வட்டி ஒன்றரை லட்சம். சென்னையில் இருக்கும் மகன் தோப்பு நிர்வாகத்துக்கு 'ஆலோசனை' சொன்னதற்குக் கட்டணம் ஒன்றரை லட்சம். தீர்ந்தது. லாபம் பூஜ்யம். பூஜ்யத்தில் கால் பங்கு எவ்வளவு? "பாவம், அவரே நட்டத்தில் ஓட்டுகிறார்" என்று ஊர் அவருக்காக உச்சுக்கொட்டும்.

இதில் மைத்துனர், மனைவி, மகன் என்பதை எடுத்துவிட்டு, ஒரே கம்பெனியின் மூன்று கிளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் என்பதை எடுத்துவிட்டு வரி குறைவாக உள்ள ஒரு நாடு என்று வையுங்கள். அவ்வளவுதான். தன் கிளைக்குத் தானே விற்கும் விலையைப் பரிமாற்ற விலை என்கிறார்கள். உலக வணிகத்தில் கணிசமான பகுதி இப்படி ஒரே குழும நிறுவனங்களுக்குள்தான் நடக்கிறது. அப்படி விற்பது குற்றமில்லை. ஆனால் அந்நியருக்கு என்ன விலைக்கு விற்பார்களோ அந்த விலைக்கே விற்க வேண்டும் என்பது விதி. விதி இருக்கிறது. விதியை மீறினார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?

சாம்பியா ஒருமுறை பார்த்தது. நார்வே அரசின் பண உதவியோடு, வெளிநாட்டுத் தணிக்கையாளர்களை வைத்து மொபானியின் கணக்கை ஆராய்ந்தது. அந்த அறிக்கை 2011 வாக்கில் வெளியே கசிந்தது. மொபானி தன் செம்பைச் சுவிட்சர்லாந்திலுள்ள தாய் நிறுவனத்துக்கு விற்ற விலை அந்நியருக்கு விற்கும் விலையாகத் தெரியவில்லை, செலவுக் கணக்கு விளக்கம் இல்லாமல் கூடியிருக்கிறது, கோபால்ட் உற்பத்தி அளவு பொருந்தவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். அறிக்கை தப்பும் தவறுமானது, நாங்கள் சட்டப்படிதான் நடந்தோம் என்றது க்ளென்கோர். வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2020 மே மாதம் சாம்பியாவின் உச்ச நீதிமன்றம் வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 முதல் 2009 வரையிலான ஆண்டுகளுக்கு மொபானி 24 கோடி குவாச்சா கூடுதல் வரி கட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் சுமார் 1.3 கோடி டாலர். தோண்டியெடுத்து பத்தாண்டு கழித்து வந்த தீர்ப்பு. அதுவும் சில ஆண்டுகளுக்கு, ஒரே ஒரு சுரங்கத்துக்கு.

இன்னொரு வேடிக்கை. 2008-ல் சாம்பியாவின் செம்பு ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி சுவிட்சர்லாந்துக்குப் போனதாகச் சாம்பியாவின் புள்ளிவிவரம் சொன்னது. சுவிட்சர்லாந்தின் இறக்குமதிப் புள்ளிவிவரத்தில் தேடினால் அதில் பெரும்பகுதி வந்து சேரவே இல்லை. லாரி லாரியாகச் செம்பு நடுவழியில் மாயமாகவில்லை. செம்பு நேராக வாங்குகிற நாட்டுக்குப் போனது. சுவிட்சர்லாந்துக்குப் போனது பில் மட்டும்.

முஃபுலிராவில் மொபானியின் உருக்காலைக்குப் பக்கத்தில் கான்கோயோ என்று ஒரு குடியிருப்பு. உருக்காலையிலிருந்து வரும் கந்தகப் புகைக்கு அந்த மக்கள் 'சென்டா' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் தொண்டை எரியும், இருமல் பிடிக்கும். கூரைத் தகரம் அரித்துப்போகும். தோட்டத்தில் செடி தங்காது. புகையைப் பிடித்து அமிலமாக மாற்றும் ஏற்பாடு முழுதாக வந்து சேர்ந்தது 2014-ல்தான். செம்பின் லாபத்தை வேறு நாட்டுக் கணக்கில் எழுதலாம். சென்டாவை அப்படி எழுத முடியாது. அது கான்கோயோவிலேயே இருந்தது.

அப்படியானால் பணம் போய் இறங்கிய ஊர் எப்படி இருக்கும்? ஜூரிச் ஏரிக் கரையில் ருஷ்லிக்கோன் என்று ஒரு சிற்றூர். க்ளென்கோரின் அன்றைய தலைவர் ஐவன் கிளாசன்பெர்க் அங்கேதான் குடியிருந்தார். 2011-ல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த செல்வத்தின் வரியால் அந்த ஊராட்சிக்குக் கோடிக்கணக்கில் பணம் கொட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் ஊர்க்காரர்களின் வரியைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி பங்கீட்டு முறையில் பக்கத்து ஊர்களுக்கும் போனது. அவற்றில் ஒன்று ஹெடிங்கன். அந்த ஊரில் சிலர் கேட்டார்கள்: இது நம் பணமா? 2013-ல் வாக்கெடுப்பு நடத்தி, தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒரு பங்கை, 1 லட்சத்து 10 ஆயிரம் பிராங்கை, கனிமம் தோண்டப்படும் நாடுகளின் மக்களுக்காகத் திருப்பிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் கான்கோயோ மக்களுக்கு வர வேண்டியது நன்கொடை இல்லை, பாக்கி. பாக்கியை நன்கொடையாக வாங்கும்போது கொடுப்பவர் வள்ளலாகிவிடுகிறார், வாங்குபவர் கை கீழே போய்விடுகிறது.

சாம்பியாவின் இன்னொரு பெரிய சுரங்கம் கொன்கோலா. அதன் முதலாளியின் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் 2002-ல் விட்டுவிட்டுப் போன அந்தச் சுரங்கத்தின் 51 விழுக்காட்டை 2004-ல் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது வேதாந்தா. நம் தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தா.

2013-ல் அந்தச் சுரங்கத்தில் செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஆட்குறைப்புப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 2014-ல் ஒரு காணொளி வெளியானது. பெங்களூரில் ஒரு கூட்டத்தில் அனில் அகர்வால் பேசுகிறார். எவ்வளவு மலிவாக அந்தச் சுரங்கத்தை வாங்கினோம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அது ஆண்டுதோறும் குறைந்தது 50 கோடி டாலர் தருகிறது என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. சாம்பியாவில் அதைப் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அரசு விசாரிக்கப்போவதாகச் சொன்னது. உலகம் மாயை என்று சொல்லும் தத்துவத்தின் பெயரை வைத்துக்கொண்ட நிறுவனம். முதலீட்டாளர் கூட்டத்தில் லாபம் கண்கூடாகத் தெரிகிறது, தொழிலாளி கூலி கேட்கும்போது அதே லாபம் மாயையாகிவிடுகிறது. ஆதிசங்கரரே வந்தாலும் இவ்வளவு தெளிவாக விளக்க மாட்டார்.

2006 நவம்பரில் கொன்கோலாவின் அமிலக் கழிவு கலந்து சிங்கோலா பகுதியில் கஃபுவே ஆறு கெட்டது. குடிநீர் நின்றது. 2,000 பேர் வழக்குப் போட்டார்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2015-ல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்தது, ஆனால் இழப்பீட்டைப் பெரிதும் குறைத்துவிட்டது. பிறகு அந்தப் பகுதிக் கிராமத்தவர் 1,826 பேர் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இங்கே எதற்கு வந்தீர்கள், உங்கள் நாட்டிலேயே வழக்கு நடத்துங்கள் என்பது நிறுவனத்தின் வாதம். 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏன் தெரியுமா? இந்த மக்கள் அவ்வளவு ஏழைகள். இவ்வளவு பெரிய வழக்கை நடத்தப் பணமோ, அதற்கேற்ற வழக்கறிஞர் குழுவோ அவர்களுக்கு அங்கே கிடைக்காது. எனவே அங்கே நியாயம் கிடைப்பது கடினம் என்றது நீதிமன்றம். 2021-ல், தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

செம்பு மலையின்மேல் உட்கார்ந்திருக்கும் மக்கள், தங்கள் ஆற்றுக்காகத் தங்கள் நாட்டில் வழக்கு நடத்த முடியாத அளவு ஏழைகள். இதை எழுதியது நானில்லை, லண்டன் நீதிபதிகள். தூத்துக்குடியில் 2018 மே மாதம் காற்றும் தண்ணீரும் கேட்டுப் போன மக்களில் 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சிங்கோலா எங்கிருக்கிறது என்று நம்மில் பலருக்கு அன்று தெரியாது. நம்மைப் பற்றி அவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இரண்டு ஊர்களின் கணக்கும் ஒரே பேரேட்டில்தான் இருந்தது.

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். "அந்த நாட்டு அரசியல்வாதிகள் திருடவில்லையா?" திருடினார்கள். சுரங்கங்களை விற்ற காலத்தில் ஆண்ட அதிபர் சிலுபா மீது, அரசுப் பணத்தைச் சுருட்டச் சதி செய்தார் என்று 2007-ல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு சாம்பியாவில் அவர் விடுதலையானார். ஊழலை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். தாபோ இம்பெக்கி தலைமையிலான ஆப்பிரிக்க உயர்மட்டக் குழு 2015-ல் கொடுத்த அறிக்கை, ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் முறைகேடாக வெளியேறுகிறது என்றது. அதில் பெரும்பங்கு வணிகக் கணக்குகள் வழியாக. லஞ்சம், அரசியல் ஊழலின் பங்கு சுமார் 5 விழுக்காடு என்பதே அதில் காட்டப்பட்ட மதிப்பீடு. 2020-ல் ஐ.நா.வின் வணிக வளர்ச்சி அமைப்பு அந்த மொத்தத் தொகையை 8,860 கோடி டாலர் என்று கணக்கிட்டது.

லஞ்சம் வாங்க ஒரு கை வேண்டுமென்றால் கொடுக்க இன்னொரு கை வேண்டும். 2022-ல் க்ளென்கோர், நைஜீரியா, கேமரூன், காங்கோ உள்ளிட்ட நாடுகளில் லஞ்சம் கொடுத்த விவகாரங்களில் அமெரிக்க, பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நூறு கோடி டாலருக்கும் மேல் அபராதம் கட்டியது. ஆப்பிரிக்கத் தலைவரின் ஊழல் நமக்குக் கேலிச்சித்திரமாக வருகிறது. கொடுத்தவரின் ஊழல் வணிகப் பக்கத்தில் சிறு செய்தியாக வருகிறது.

"வரியைக் கூட்டலாமே" என்பீர்கள். கூட்டினார்கள். 2008-ல் பழைய ஒப்பந்தங்களை ஒதுக்கிவிட்டு, ராயல்டியை 3 விழுக்காடாக்கி, விலை ஏறும்போது கிடைக்கும் திடீர் லாபத்துக்கும் தனி வரி போட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் உலக நெருக்கடி வந்து செம்பு விலை விழுந்தது. ஆட்களைக் குறைப்போம், சுரங்கத்தை மூடுவோம் என்ற நெருக்கடி வந்தது. 2009-ல் அந்தத் திடீர் லாப வரியை நீக்கிவிட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் செம்பு விலை பழைய உச்சத்தையும் தாண்டியது. வரி போய்விட்டிருந்தது. வரி வராத இடத்தைக் கடன் நிரப்பியது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் சாம்பியா தவறியது. அடுத்த இரண்டு மாதத்தில்தான் நான் முதலில் சொன்ன ஒரு டாலர் ஒப்பந்தம்.

இப்போது அந்த 1935-ஐ நினைத்துப் பாருங்கள். தகரக் குடிசையில் இருந்த தொழிலாளியிடம் சில ஷில்லிங் தலைவரி வாங்க அரசிடம் எல்லா ஏற்பாடும் இருந்தது. அதே மண்ணிலிருந்து கோடி கோடியாகப் போகும் செம்புக்குக் கணக்குப் பார்க்க, நார்வேயிடம் பணம் கேட்க வேண்டியிருந்தது. எளியவர்மேல் பாயும் கையும், வலியவர் முன்னால் நடுங்கும் கையும் ஒரே அரசின் கைகள்தான். இன்று சாம்பியாவில் சோப்பு வாங்கும் பெண்ணும் விற்பனை வரி கட்டுகிறாள். அவளுக்கு மைத்துனர் மண்டி கிடையாது.

இது தலையெழுத்தா? இல்லை. சாம்பியாவின் தெற்கு எல்லையில் இருக்கும் போட்ஸ்வானா, 1966-ல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. வைரம் கிடைத்தது. வைர நிறுவனத்தில் அரசு சரிபாதிப் பங்கை வாங்கிப் பிடித்துக்கொண்டது. அங்கேயும் ஏற்றத்தாழ்வு கொடுமையாகவே இருக்கிறது, சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வைரத்தின் பணம் சாலையாகவும் பள்ளியாகவும் ஓரளவு கண்ணில் தெரிந்தது. பேரம் பேசும்போது யார் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

2023 நவம்பரில் ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. பன்னாட்டு வரி விதிகளைப் பணக்கார நாடுகளின் சங்கம் மட்டும் எழுதக் கூடாது, எல்லா நாடுகளும் உட்காரும் ஐ.நா.வில் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். 125 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும்தான். எதிர்த்தவை 48. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அந்த 48-ல் இருந்தன. 2025 தொடக்கத்தில் பேச்சுவார்த்தை தொடங்கியதும் அமெரிக்கா எழுந்து வெளியே போய்விட்டது. கணக்கு நோட்டு இதுவரை யார் கையில் இருந்ததோ, அவர்கள்தான் அதைப் பொது மேசையில் வைக்க மறுக்கிறார்கள். இந்தப் பேச்சுவார்த்தை நம் செய்தித்தாள்களில் ஒரு மூலையில்கூட வருவதில்லை. நீங்கள் தேடிப் படியுங்கள், எழுதுங்கள்.

சாம்பியாவில் உண்மை வெளியே வந்தது எப்படி? ஒளித்து வைத்த ஒப்பந்தத்தை யாரோ வெளியே கொடுத்தார்கள். தணிக்கை அறிக்கையை யாரோ கசியவிட்டார்கள். வரித்துறையில் சிலர் பத்தாண்டு விடாமல் வழக்கை நடத்தினார்கள். கிராமத்து மக்கள் கடல் கடந்து லண்டன்வரை போனார்கள். கோடாரி தூக்கிய புரட்சி இல்லை இது. கணக்கைக் காட்டு என்று கேட்டது. அதற்கே இவ்வளவு எதிர்ப்பு.

இங்கே வணிகவியல் படிக்கும் தோழர்கள் இருக்கிறீர்கள். சட்டம் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கணக்கு நோட்டைத் தொட்ட முதல் தலைமுறை நீங்களாக இருக்கலாம். பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்து, இந்தக் கணக்குகளை எழுதும் மேசைக்கே நாளை நீங்கள் போகலாம். போங்கள், நல்ல சம்பளம் வாங்குங்கள். நம் வீடுகளுக்கு அது தேவை. ஆனால் ஒரு நாள் உங்கள் முன்னால் ஒரு பில் வரும். செம்பு ஒரு நாட்டிலிருந்து புறப்பட்டிருக்கும், விலை இன்னொரு நாட்டில் எழுதியிருக்கும். அன்றைக்குக் கான்கோயோ என்ற பெயர் உங்கள் நினைவுக்கு வர வேண்டும். உங்கள் தாத்தாவின் கைநாட்டும் நினைவுக்கு வர வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.